கண்ணாடிக்குள் ஒரு நெய்தல்

நுழையும்முன்

நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய விலங்கு, பறவை, மரம், மலர், நீர் ஆகியவற்றைக் கருப்பொருள் எனத் தொகுத்துக் கண்டவர் தமிழர். உயிர் தனித்து வாழ்வதில்லை. தனக்குரிய நீரோடும் நிலத்தோடும் சேர்ந்தே வாழ்கிறது என்னும் அறிவு அத்தொகுப்பில் அடங்கியுள்ளது. நெய்தல் நிலத்து உயிர் ஒன்றை மருத நிலத்து வீடொன்றில் வாழவைக்க இயலுமா? இயலும் எனில், அதற்கு நாம் செய்ய வேண்டியவை யாவை? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

சிற்றாறு செல்லும் வழி

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் அருகில், வயல்கள் சூழ அமைந்த ஊர் இலஞ்சி. முருகன் கோயிலால் பெயர்பெற்றது. 'இலஞ்சி' என்னும் சொல்லுக்கு நீர்நிலை என்றும் மகிழமரம் என்றும் பழந்தமிழில் பொருளுண்டு. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு இப்பகுதியை வளப்படுத்திக் கிழக்கே ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவை அடைகிறது. அருவியில் விழுந்த நீர் கடலைத் தொடும் அவ்விடத்திற்கும் இலஞ்சிக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு உண்டு.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே விரிந்து கிடக்கும் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சுற்றியுள்ள பவளத் திட்டுகளிலும் மணற்பரப்பிலும் வாழும் உயிர்களுள் ஒன்று கடற்சாமந்தி. இதனை அனிமோன் என்றும் அழைப்பர். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போர் பெரிதும் விரும்பும் உயிர் இது. அவர்கள் எளிதில் இழந்துவிடும் உயிரும் இதுவே. இலஞ்சி போன்ற உள்நாட்டூரில் ஒருவர் இதனை வளர்க்க விரும்பினால், அவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது அதன் இயல்பை.

மலர்போல் ஒரு விலங்கு

பெயரில் சாமந்தி இருப்பினும் இது செடியன்று, விலங்கு. சொறிமீனுக்கும் பவளத்துக்கும் நெருங்கிய உறவினம். இதன் உடல் ஒரு குழாய் போன்றது. கீழ்முனையில் உள்ள பாதத்தட்டு பாறையைப் பற்றிக்கொள்ளும். மேல்முனையில் வாயும், அதனைச் சுற்றி இதழ்களைப் போன்ற உணர்கொம்புகளும் இருக்கும். உணவு உட்புகுவதும் கழிவு வெளியேறுவதும் அவ்வொரு வாயின் வழியாகவே. மூளை இல்லை; உடல் முழுவதும் பரவிய நரம்புவலை மட்டுமே உண்டு. உணர்கொம்புகளில் நுண்ணிய கொட்டும் செல்கள் செறிந்துள்ளன. இரை தீண்டியதும் ஒவ்வொரு செல்லிலிருந்தும் சுருண்டு கிடக்கும் நுண்ணிழை பாய்ந்து நஞ்சைச் செலுத்தும்.

மீன்கள் தம் உடலின் உப்பளவைத் தாமே சீர்செய்துகொள்ளும் ஆற்றல் உடையவை. கடற்சாமந்திக்குச் சிறுநீரகம் போன்ற உறுப்பு எதுவும் இல்லை. வெளியே உள்ள நீரின் உப்பளவு எதுவோ, அதுவே அதன் உடல்நீரின் உப்பளவும் ஆகும். வெளிநீரில் உப்புக் குறைந்தால் அதன் செல்களுக்குள் நீர் புகுந்து அவை வீங்கும். உப்பு மிகுந்தால் செல்களிலிருந்து நீர் வெளியேறி அவை சுருங்கும். தொட்டிநீரில் ஏற்படும் மாற்றம் ஒவ்வொன்றும் அதன் உடலுக்குள் ஏற்படும் மாற்றமே. ஆகவே, கடற்சாமந்தியைப் பேணுதல் என்பது நீரைப் பேணுதலே ஆகும். இவ்வுண்மையை உணர்ந்தவருக்குப் பிற விதிகள் யாவும் தாமே விளங்கும்.

உடலுக்குள் ஒரு தோட்டம்

வெப்பக் கடல்களில் வாழும் பெரிய கடற்சாமந்திகளின் திசுக்களுக்குள் ஒருசெல் பாசிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு ஆக்கி, அதில் ஒரு பங்கைக் கடற்சாமந்திக்கு வழங்குகிறது. கடற்சாமந்தி பாசிக்கு இருப்பிடமும், தன் கழிவிலிருந்து ஊட்டமும் தருகிறது. கடற்சாமந்தியின் பழுப்பு நிறத்துக்கு இப்பாசியே காரணம்.

நீரின் வெப்பம் அளவுக்கு மீறினால் இக்கூட்டுறவு முறிந்து, பாசி வெளியேறிவிடும். உடல் வெண்மையாகும். இதுவே வெளிறல் எனப்படுவது. மன்னார் வளைகுடாவில் 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் கடல்நீர் வெப்பம் உயர்ந்தபோது பவளங்கள் பெருமளவில் வெளிறின. தொட்டியிலும் இதே விதிதான் செயல்படுகிறது. பால்வெண்மையான கடற்சாமந்தி விற்பனையிடத்தில் அழகாகத் தோன்றலாம். ஆனால், அது பட்டினியின் நிறம். பழுப்போ பசுமையோ கலந்து, வாய் இறுக மூடி, தீண்டினால் ஒட்டும் உணர்கொம்புகளுடன் இருப்பதே நலமான கடற்சாமந்தி.

கடற்சாமந்தியின் மற்றொரு தோழமை கோமாளி மீன். உலகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடற்சாமந்தி இனங்கள் இருப்பினும், கோமாளி மீன்களுக்கு இடம் தருபவை ஏறத்தாழப் பத்து இனங்களே. கோமாளி மீனின் உடலைப் போர்த்தியுள்ள வழுவழுப்பான கோழைப்படலம் கொட்டும் செல்களிலிருந்து அதனைக் காக்கிறது. மீன் தன் பகைவருக்கு அஞ்சி உணர்கொம்புகளுக்கிடையே ஒளிகிறது. கடற்சாமந்தியைக் கொறிக்க வரும் மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவு பாசிக்கு உரமாகிறது. இவ்வாறு விலங்கு, பாசி, மீன் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

தெரிந்து தெளிவோம்

கோமாளி மீன்கள் அனைத்தும் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. ஒரு கடற்சாமந்தியில் வாழும் கூட்டத்தில் மிகப்பெரியது பெண்ணாக மாறும். அதற்கு அடுத்தது அதன் இணையாகும். பெண் இறந்துவிட்டால், இணையாக இருந்த ஆண் பெண்ணாக மாறிக் கூட்டத்தின் தலைமையை ஏற்கும். கடற்சாமந்தியின் அடிப்பகுதியை ஒட்டிய பாறையில் இடப்படும் முட்டைகளை ஆண்மீனே பெரிதும் காவல் காத்து, துடுப்பால் விசிறி வளர்க்கும்.

கடல்நீரை ஆக்குதல்

இலஞ்சியில் கிடைப்பது நன்னீர். அதனைக் கடல்நீராக்க உப்பைக் கலந்தால் போதாதா? தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து வரும் உப்பு அருகிலேயே கிடைக்கிறதே எனத் தோன்றலாம். ஆனால், சமையல் உப்பு வேறு. கடலின் உப்பு வேறு.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடும் சோடியமும் சேர்ந்து எடையில் ஏறத்தாழ 86 விழுக்காடு. எஞ்சியவை சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியன. உப்பளப் பாத்திகளில் நீர் வற்றும்போது இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. கால்சியம் சார்ந்த உப்புகள் முன்னரே படிந்துவிடும். மெக்னீசியம் பெரும்பாலும் இறுதிக் கசப்புநீரில் தங்கிவிடும். இடையில் விளையும் உப்பே நம் சமையலறைக்கு வருகிறது. உயிருக்குத் தேவையான பிற தாதுக்கள் அதில் மிகக் குறைவு. எனவே, கடல்நீரின் விகிதத்தில் எல்லாத் தாதுக்களும் சேர்த்து விற்கப்படும் மீன்தொட்டிக் கடலுப்பையே பயன்படுத்த வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 7 கிலோ உப்பு தேவைப்படும்.

உப்பைக் கலக்கும் நீரும் தூயதாக இருக்க வேண்டும். குடிநீர்க் குழாயில் வரும் நீரில் குளோரின் இருக்கலாம், ஆகவே, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரே ஏற்றது. செம்பு, பித்தளைக் குடங்களில் நீரை வைத்தலும் கலத்தலும் கூடாது. மனிதருக்கு நன்மை எனக் கருதப்படும் செம்பு, முதுகெலும்பற்ற கடலுயிர்களுக்கு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு. மீன்நோய்க்கெனத் தரப்படும் மருந்துகள் சிலவற்றில் செம்பு கலந்திருப்பதால், கடற்சாமந்தி உள்ள தொட்டியில் அவற்றை இடலாகாது. நெகிழி வாளியே இப்பணிக்குப் போதும்.

காத்திருக்கும் காலம்

தொட்டியில் நீரை நிரப்பிய அன்றே உயிர்களை விடுவோர் பலர். ஓரிரு வாரங்களில் அவை இறப்பதைக் கண்டு காரணம் புரியாமல் வருந்துவர். காரணம் கண்ணுக்குத் தெரியாதது.

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகும்போது அம்மோனியா உண்டாகிறது. அது கடும் நஞ்சு. கடலிலோ நீரின் பெருக்கம் அதனைக் கரைத்துவிடுகிறது. தொட்டியில் அது தேங்குகிறது. பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் குடியேறும் பாக்டீரியங்களுள் ஒருவகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சே. மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இவ்விரு வகைப் பாக்டீரியங்களும் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின்னரே உறுதியான மீன்கள் ஓரிரண்டை விடலாம்.

கடற்சாமந்திக்கு இக்காலமும் போதாது. தொட்டிநீர் நாள்தோறும் ஒரே நிலையில் இருக்கும் என்பது உறுதிப்பட வேண்டும். அதற்கு ஆறு மாதமேனும் காத்திருத்தல் நலம் என்பது அனுபவமுடையோர் கூறும் அறிவுரை. அக்காலத்தில் வளர்ப்பவரும் தம் தொட்டியின் இயல்பைக் கற்றுக்கொள்கிறார்.

ஏறாமலும் குறையாமலும்

கடற்சாமந்திக்குரிய நீரின் அளவுகள் இவை: வெப்பம் 25 செல்சியஸை ஒட்டி, உப்பு லிட்டருக்கு 35 கிராம், பி.எச். 8.1 முதல் 8.4 வரை, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சுழி. இவ்வளவுகளை ஒருநாள் எட்டுவது அரிதன்று; ஒவ்வொரு நாளும் காப்பதே அரிது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 200 லிட்டர் தொட்டியிலிருந்து சில நாள்களில் 10 லிட்டர் நீர் ஆவியாகிறது. ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கும். எனவே, லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு ஏறத்தாழ 37 கிராமாக உயரும். இந்நிலையில் குறைந்த நீரைக் கடல்நீரால் ஈடுசெய்தால் உப்பளவு பழைய நிலைக்குத் திரும்பாது. ஆவியான நீரை நன்னீரால் நிரப்ப வேண்டும். அதனையும் நாள்தோறும் சிறிது சிறிதாகவே சேர்க்க வேண்டும். அழுக்கை அகற்ற இரு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை எடுத்துவிட்டு, புதிதாக ஆக்கிய கடல்நீரை ஊற்றுவது வேறொரு பணி. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

பருவமும் தொட்டியைத் தொடும். குற்றாலத்தில் சாரல் விழும் ஆனி, ஆடித் திங்களில் காற்று ஈரமாக இருப்பதால் நீர் குறைவாகவே ஆவியாகும். சித்திரைக் கோடையிலோ ஆவியாதல் மிகும், வெப்பமும் ஏறும். நீர்ப்பரப்பின்மீது சிறு மின்விசிறியைச் சுழலவிட்டால் ஆவியாதலே நீரைக் குளிர்விக்கும். மண்பானை நீர் குளிரும் அதே முறை. ஆயினும் இழந்த நீரைக் கூடுதலாக ஈடுசெய்ய வேண்டும். வெப்பம் மேலும் உயர்ந்தால் குளிர்விப்பான் தேவைப்படும். மின்சாரம் நின்றால் நீரோட்டமும் நின்று உயிர்க்காற்றுக் குறையும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் காற்றுக் கருவி ஒன்றை வைத்திருத்தல் வேண்டும்.

இடம் தேடும் உயிர்

ஓரிடத்தில் ஊன்றியிருப்பது போலத் தோன்றினும் கடற்சாமந்தி நகரக்கூடியது. ஒளியும் நீரோட்டமும் தனக்கு ஏற்ற இடம் கிடைக்கும்வரை அது பாதத்தட்டால் மெல்ல ஊர்ந்து செல்லும். வளர்ப்பவர் தமக்குப் பிடித்த இடத்தில் அதனை இருத்த முயல்வது வீண். பாறையிலிருந்து இழுத்துப் பிரித்தால் பாதத்தட்டு கிழியும். அக்காயம் பெரும்பாலும் உயிரைக் குடித்துவிடும். நாம் செய்யத்தக்கது பாதையைப் பாதுகாப்பதே. நீரிறைக்கும் கருவியின் வாயில் சிக்கினால் கடற்சாமந்தி நைந்து சிதையும். ஆதலால், அவ்வாயைத் துளைகள் நிறைந்த பஞ்சுறையால் மூடிவிட வேண்டும். கடற்சாமந்தி அடிக்கடி அலைந்துகொண்டே இருந்தால், ஒளியிலோ நீரிலோ ஏதோ குறையுள்ளது எனக் கொள்ளலாம்.

நாளொன்றுக்கு ஏறத்தாழப் பத்து மணிநேரம் வலிமையான எல்.இ.டி. விளக்கொளி தேவை. பாசி தரும் உணவோடு, வாரத்துக்கு ஒருமுறை சிறு இறால் துண்டோ மீன் துண்டோ போதுமானது. அன்பின் மிகுதியால் உணவை மிகுதியாக இடுவது தீங்கு. செரிக்காத உணவை அது உமிழ, நீர் கெடும். கடற்சாமந்தி அவ்வப்போது சுருங்கி, கழிவை வெளியேற்றி, மீண்டும் விரிவது இயல்பே. ஆனால், வாய் பிளந்து, பற்று விட்டு, நாற்றம் வீசினால் அது இறந்துவிட்டது என்பது பொருள். உடனே அகற்ற வேண்டும். தாமதித்தால் அழுகும் உடல் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கிவிடும்.

தொட்டியில் கை வைக்குமுன் சோப்பு எச்சம் இல்லாமல் கழுவுதலும், அதன் அருகில் கொசுமருந்து தெளிக்காதிருத்தலும் வேண்டும்.

ஒரு சாடியில் 59 ஆண்டுகள்

இத்துணை முயற்சியும் எதற்காக? கடற்சாமந்தியின் வாழ்நாளை அறிந்தால் இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

1828ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் நார்த் பெர்விக் கடற்கரையில் ஜான் கிரகாம் டால்யெல் என்னும் இயற்கை ஆய்வாளர் சிறு கடற்சாமந்தி ஒன்றை எடுத்து வந்தார். கண்ணாடிச் சாடி ஒன்றில் அதனை இட்டு, கடல்நீரை மாற்றி மாற்றி வளர்த்தார். மின்விளக்கோ நீரிறைக்கும் கருவியோ அந்நாளில் இல்லை. அது குளிர்க்கடல் இனம். உடலில் பாசி இல்லாததால் வலிய ஒளியும் அதற்குத் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மாறாத கவனம் ஒன்றே. 1851இல் டால்யெல் மறைந்தார். சாடி அடுத்தடுத்துப் பிறர் கைக்கு மாறியது. 'பாட்டி' எனச் செல்லமாக அழைக்கப்பட்ட அக்கடற்சாமந்தி நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈன்று, 1887ஆம் ஆண்டுவரை வாழ்ந்தது. அதன் மறைவு செய்தித்தாளில் இடம்பெற்றது.

தம்மை வளர்த்தவரையும் கடந்து வாழக்கூடிய உயிர், பல வீட்டுத் தொட்டிகளில் சில மாதங்களில் மடிகிறது. ஆறு திங்கள் காத்திருக்க மனமில்லாத ஒருவரின் அவசரம், ஐம்பது ஆண்டு வாழத்தக்க ஓர் உயிரின் வாழ்வைக் குறைத்துவிடுகிறது.

வெறுமையான பாறைக்குழிகள்

வளர்ப்போரின் ஆர்வம் கடலையே வறிதாக்கிய வரலாறும் உண்டு. பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கிலேயர் 1854இல் கடல்நீர்த் தொட்டிகளைப் பற்றி எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. வீடுதோறும் கடற்சாமந்தித் தொட்டி வைக்கும் மோகம் இங்கிலாந்தில் பரவியது. மக்கள் கூட்டமாகக் கடற்கரைக்குச் சென்று, பாறைக்குழிகளில் இருந்த உயிர்களை வாரிச் சென்றனர். அரை நூற்றாண்டுக்குப் பின் அவர் மகன் எட்மண்ட் காஸ், தாம் சிறுவயதில் கண்ட அழகிய பாறைக்குழிகள் வெறுமையாகிவிட்டதையும், அதற்குத் தந்தையின் நூலும் ஒரு காரணமானதையும் 1907இல் வெளியான தம் நூலில் வருத்தத்துடன் பதிவு செய்தார். கடலை நேசித்து எழுதப்பட்ட நூல் கடலுக்கே கேடாயிற்று.

அப்பிழை இங்கு நிகழாதிருக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடற்பகுதியும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் அமைந்தது. பவளங்கள் 2001ஆம் ஆண்டுமுதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றுள்ளன. பூங்காவிலிருந்து உயிர்களையோ, பவளத்தையும் பவளம் படிந்த பாறையையுமோ எடுத்தல் குற்றம். தொட்டிக்கு நுண்துளைகள் கொண்ட சுட்டமண் கற்களே போதும். பாக்டீரியங்கள் அவற்றிலும் குடியேறும்.

நேரிய வழிகளும் உள்ளன. மண்டபத்தில் இயங்கும் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்துக் குஞ்சுகளை வளர்க்கும் முறையை உருவாக்கியுள்ளது. பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் கழிமுக நீரைக் கொண்டே அம்மீன்களை வளர்த்துக் காட்டியது. இவ்வாறு பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன், கடற்சாமந்தி இல்லாத தொட்டியிலும் நலமாக வாழும். எனவே, தொடக்கநிலையினர் கோமாளி மீன் இணை ஒன்றோடு தொடங்கலாம். கடற்சாமந்தியே வேண்டுமெனின், தொட்டியிலேயே இரண்டாகப் பிரிந்து பெருகும் இனத்தில், வேறொருவர் தொட்டியில் பிரிந்து வளர்ந்த ஒன்றைப் பெறலாம். கடலிலிருந்து எதுவும் குறையாமல் ஓர் உயிர் நம் வீட்டுக்கு வரும் வழி அது.

நீரால் இணைந்தோர்

கடற்சாமந்தியை வளர்ப்பவர் நாள்தோறும் உப்பை அளக்கிறார்; வெப்பத்தைக் குறிக்கிறார்; ஆவியான நீரை ஊற்றுகிறார். 200 லிட்டர் நீரை மாறாமல் காப்பதற்கே இவ்வளவு உழைப்பு வேண்டியிருக்கிறது. இப்பணியைக் கடல் கூலியின்றி, ஓய்வின்றிச் செய்து வருகிறது. அக்கடலின் வெப்பம் ஏறினால் அதனைத் தணிக்க மின்விசிறி கிடையாது. அதில் கலந்த கழிவை மாற்றி ஊற்ற வேறு கடலும் கிடையாது.

சிற்றாற்றில் இன்று நாம் விடும் நீர், தாமிரபரணி வழியாக ஒருநாள் மன்னார் வளைகுடாவை அடையும். தொட்டி வைத்திருப்பவருக்கு மட்டுமன்று, ஆற்றங்கரையில் வாழும் ஒவ்வொருவருக்கும் அந்தக் கடற்சாமந்திகளைப் பேணும் பொறுப்பு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரின் ஆறு அல்லது ஓடை எவ்வழியாகச் சென்று எக்கடலில் கலக்கிறது என்பதை வரைபடமாக வரைந்து வகுப்பறையில் காட்சிப்படுத்துக.

2. ஒரு கண்ணாடிக் குவளையில் 35 கிராம் உப்புக் கரைத்த ஒரு லிட்டர் நீரை வைத்து, நீர்மட்டம் நாள்தோறும் குறைவதைக் குறித்து வருக. நீர் குறையக் குறைய எஞ்சியதன் உப்பளவு எவ்வாறு மாறும் எனக் கணக்கிட்டு எழுதுக.

3. 'உயிர்களை நேசிப்பது அவற்றை வீட்டில் வளர்ப்பதிலா, அவற்றின் இடத்தில் வாழவிடுவதிலா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.